உறையாத பாலும் பூட்டில்லாத மருத்துவ இதழும்

திண்டிவனம் வட்டாரத்திலிருந்து வாசகி ஒருவர் அனுப்பிய கேள்வி இது:

"எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடு. ஒன்றுக்கு மடி வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. தெரிந்தவர் ஒருவர் வந்து ஊசி போட்டார். இரண்டு ஊசியிலேயே வீக்கம் வடிந்துவிட்டதால் மூன்றாவது ஊசி போடவில்லை. மறுநாள் பாலை வழக்கம்போல ஊற்றிவிட்டு, வீட்டுக்கு ஒரு லிட்டர் எடுத்துக் காய்ச்சி உறை ஊற்றினேன். விடிந்து பார்த்தால் பால் பாலாகவே இருக்கிறது. பக்கத்து வீட்டில் புது மோர் வாங்கி மறுபடி உறை ஊற்றியும் உறையவில்லை. என் பேரன் அந்தப் பாலைத்தான் குடிக்கிறான். பால் கெட்டுவிட்டதா?"

பால் கெடவில்லை. உறைமோரில் இருந்த நுண்ணுயிர்கள்தான் செத்துவிட்டன. பாலைத் தயிராக்குவது அவைதான். மாட்டுக்குப் போட்ட ஊசியில் இருந்தது ஆன்டிபயாடிக் மருந்து. நோய்க்கிருமியைக் கொல்வதற்காகப் போட்ட அந்த மருந்து மடி வழியாகப் பாலில் இறங்கி, உறைமோரில் இருந்த நல்ல நுண்ணுயிரையும் கொன்றுவிட்டது. பாலைக் காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். பல ஆன்டிபயாடிக் மருந்துகள் காய்ச்சுவதால் முழுவதும் அழிவதில்லை. மடிநோய் முற்றிய பாலும் சில நேரம் சரியாக உறையாது என்றாலும், ஊசி போட்ட மறுநாள் பால் உறையாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மருந்தைத்தான்.

சொசைட்டியில் பாலின் கொழுப்பையும் இதர சத்தையும் பார்த்து விலை போடுகிறார்கள். அந்தக் கருவிக்கு ஆன்டிபயாடிக் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத் தனிப் பரிசோதனை வேண்டும். அதனால் அந்தப் பால் மற்ற வீட்டுப் பாலோடு கலந்து எத்தனையோ பிள்ளைகளின் டம்ளருக்குப் போயிருக்கும்.

புகையான் சொல்லும் பாடம்

இதில் இரண்டு கேடுகள் இருக்கின்றன. ஒன்று, பாலில் வந்த மருந்து. சிலருக்கு அது ஒவ்வாமையைத் தரும். இரண்டாவது கேடு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பெரியது.

நெல் வைப்பவர்களுக்குப் புகையானைத் தெரியும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அடித்ததில் சாகாமல் தப்பிய பூச்சிகள்தான் அடுத்த தலைமுறையைப் பெருக்குகின்றன. சில பருவம் போனால் அந்த மருந்துக்குப் பூச்சி அசைவதில்லை. கிருமிகளும் அப்படித்தான். மூன்று ஊசி போட வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்தினால், பலவீனமான கிருமி சாகும். தாக்குப்பிடித்த கிருமி மடியில் தங்கும். அது கறப்பவர் கையில் ஒட்டும், சாணத்தில் சேரும், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மை அல்ல. 1928-ல் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, அளவு குறைத்து மருந்தைப் பயன்படுத்தினால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். கேட்டவர்கள் குறைவு. 2019-ம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாகி உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நெதர்லாந்தின் பண்ணைக் குழந்தை

தொழுவத்துக்கும் மருத்துவமனைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நெதர்லாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி பதில் சொல்லும்.

2004-ல், அந்த நாட்டின் நைமேகன் நகரத்து மருத்துவமனைக்கு ஆறு மாதப் பெண் குழந்தை ஒன்று அறுவைச் சிகிச்சைக்காக வந்தது. சிகிச்சைக்கு முன் வழக்கமாகச் செய்யும் பரிசோதனையில், அதன் உடலில் எம்.ஆர்.எஸ்.ஏ என்ற கிருமி இருப்பது தெரிந்தது. சாதாரணப் பென்சிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத கிருமி அது. நெதர்லாந்து மருத்துவமனைகளில் மிக அபூர்வம். குழந்தைக்கு அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனார்கள். குடும்பம் பன்றிப் பண்ணையில் வாழ்ந்தது. பன்றிகளுக்குத் தீவனத்திலும் தண்ணீரிலும் ஆன்டிபயாடிக் கலந்து கொடுப்பது அப்போது அங்கே வழக்கம்.

அந்த மருத்துவமனையின் நுண்ணுயிரியல் மருத்துவர் ஆந்த்ரேயாஸ் வோஸ், சுற்று வட்டாரத்துப் பன்றிப் பண்ணையாளர்கள் 26 பேரைப் பரிசோதித்தார். மருத்துவமனைக்கு வரும் பொதுவான நோயாளிகளோடு ஒப்பிட்டால், இவர்களிடம் அந்தக் கிருமி 760 மடங்குக்கும் மேல் இருந்தது. 2005-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. பின்னர் நெதர்லாந்து அரசும் பண்ணையாளர்களும் கால்நடை மருத்துவர்களும் உட்கார்ந்து பேசி, பண்ணை ஒவ்வொன்றிலும் எவ்வளவு மருந்து பயன்படுகிறது என்று கணக்கு வைத்தார்கள். 2009-ம் ஆண்டின் அளவை ஒப்பிட்டால், சில ஆண்டுகளுக்குள் கால்நடைகளுக்குப் போகும் ஆன்டிபயாடிக் பாதிக்குக் கீழே இறங்கியது. பண்ணைத் தொழில் அழிந்துவிடவில்லை.

2012-ல் பிறந்த இதழ்

அந்த வோஸ்தான் பிறகு ஒரு மருத்துவ இதழின் தொடக்க ஆசிரியர்களில் ஒருவரானார். இதழின் பெயர் 'ஆன்டிமைக்ரோபியல் ரெசிஸ்டன்ஸ் அண்ட் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல்'. மருந்துக்கு அடங்காத கிருமிகள், தொற்றுத் தடுப்பு என்று தமிழில் சொல்லலாம். 2012-ல் தொடங்கியது. லண்டனில் 2000-ம் ஆண்டில் தொடங்கிய பயோமெட் சென்ட்ரல் என்ற பதிப்பகத்தின் வெளியீடு.

இன்னொரு ஆசிரியர் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா மருத்துவமனையைச் சேர்ந்த டிடியே பிட்டே. இவர் சாதித்தது கைகழுவும் விஷயத்தில். 1994-ல் அவருடைய மருத்துவமனையில், கையைச் சுத்தம் செய்ய வேண்டிய 100 தருணங்களில் 48-ல்தான் ஊழியர்கள் சுத்தம் செய்தார்கள். ஒவ்வொரு படுக்கைக்கும் அருகில் கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவத்தை வைத்து, இடைவிடாமல் எடுத்துச் சொல்லி, 1997-க்குள் அதை 66-க்குக் கொண்டுவந்தார். 1994-க்கும் 1998-க்கும் இடையில், மருத்துவமனைக்கு வந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. தொற்றே வராவிட்டால் ஆன்டிபயாடிக் எதற்கு?

அந்தக் கைத் திரவத்தைத் தயாரிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்று வெளிப்படையாகக் கொடுத்தது. 2020-ல் கொரோனா வந்தபோது பல இடங்களில் சானிடைசர் தயாரிக்க அந்த முறைதான் கைகொடுத்தது.

பூட்டு என்றால் என்ன?

மருத்துவ ஆய்வு இதழ்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் பூட்டிய பெட்டிகளாகவே இருந்தன. இன்றும் பல அப்படித்தான். சந்தா கட்டிய நூலகத்துக்குத்தான் திறக்கும். தனி ஆள் ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க வேண்டுமென்றால்கூட 30 டாலருக்கு மேல் கேட்கும் இதழ்கள் உண்டு. நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டும். ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பல நேரம் அரசு, அதாவது மக்களின் வரிப்பணம். ஆய்வில் உட்கார்ந்து கொடுத்ததும் மக்களின் உடம்பு. ஆனால் முடிவைப் படிக்க மட்டும் தனிக் கட்டணம்.

வோஸும் பிட்டேயும் தொடங்கிய இதழுக்குச் சந்தா கிடையாது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மாணவர், திண்டிவனத்தில் தனியாக மருத்துவம் பார்க்கும் டாக்டர், கிராம சுகாதாரச் செவிலியர், கால்நடை மருத்துவம் படிக்கும் விவசாயி வீட்டுப் பிள்ளை என யார் வேண்டுமானாலும் கைப்பேசியிலேயே முழுக் கட்டுரையையும் படிக்கலாம். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும், அந்தக் கட்டுரைகளைத் தனி அனுமதி கேட்காமல் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், ஊர்க்கூட்டத்தில் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் இருக்கும் அறிவு தமிழில் இறங்க இது பெரிய வழி.

குறைகளும் இல்லாமல் இல்லை. வாசகரிடம் வாங்காத செலவை, கட்டுரை எழுதுபவரின் நிறுவனத்திடம் வாங்குகிறார்கள். வசதியில்லாத ஆய்வாளருக்கு அது சுமை. இலவசம் என்ற பெயரில், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களும் முளைத்திருக்கின்றன. விதைக்கடையில் சான்று அட்டை பார்த்து வாங்குவதுபோல, எந்த இதழ், யார் ஆசிரியர் என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்தை 2024 நவம்பரில் அனுமதித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்களுக்குப் பூட்டிய இதழ்களும் இதன் மூலம் திறக்கின்றன. கல்லூரிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சாவி இல்லை. அவர்களுக்குத் திறந்த இதழ்தான் வழி.

வில்லியனூர் காட்டிய வழி

திறந்து வைத்தால் மட்டும் போதுமா? விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் இருக்கிறது வில்லியனூர். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் இந்த ஊரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலை எவ்வளவு உயரம் வரும் என்ற தகவல் தேவைப்பட்டது. அமெரிக்கக் கடற்படை அந்தத் தகவலை யாரும் பார்க்கும்படி வெளியிட்டு வந்தது. மையத்தில் இருந்தவர்கள் அதை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள். அந்த நிறுவனத்தில் பணியாற்றிய சுப்பையா அருணாசலம், ஆய்வு இதழ்கள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று இந்தியாவில் தொடர்ந்து குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர்.

அமெரிக்கா பூட்டாமல் வைத்ததும், வீராம்பட்டினத்தில் ஒருவர் ஒலிபெருக்கி எடுத்ததும் சேர்ந்ததால்தான் பயன் கிடைத்தது. மருத்துவ இதழுக்கும் இது பொருந்தும். அதில் இருப்பதைத் தொழுவம் வரை கொண்டுவர ஆள் வேண்டும்.

நம் ஊரிலும் ஒலித்த எச்சரிக்கை

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. 2010-ல், மிகக் கடைசியாகக் கையில் எடுக்கும் ஆன்டிபயாடிக்கையும் முறியடிக்கும் என்.டி.எம்-1 என்ற மரபணு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இங்கிலாந்திலும் பரவியிருப்பதை ஓர் ஆய்வு காட்டியது. ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன. ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. 2012 ஆகஸ்ட் 24 அன்று இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த ஒரு திட்டம் வகுத்தன. சென்னைப் பிரகடனம் என்று அதற்குப் பெயர். அதை முன்னின்று நடத்தியவர் மருத்துவர் அப்துல் கஃபூர். அந்த இதழ் பிறந்ததும் இதே ஆண்டில்தான்.

2014 முதல் குறிப்பிட்ட சில ஆன்டிபயாடிக்குகளை விற்கும் மருந்துக்கடைகள் தனிப் பதிவேடு வைக்க வேண்டும் என்று விதி வந்தது. 2016-ல், மருந்து அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று மத்திய அரசு பிரசாரம் செய்தது. 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன், இறால் ஆகியவற்றுக்கும் தீவனத்துக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைத் தயாரிக்கவும் விற்கவும் தடை வந்தது. மனிதர்களுக்கு வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. அதைக் கோழி சீக்கிரம் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். மரக்காணம் பக்கம் இறால் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும்: தடை செய்த மருந்தின் சுவடு தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வந்துவிடும்.

தொழுவத்தில் செய்ய வேண்டியவை

மருந்துக் காலத்தில் பாலை ஊற்றாமல் விடுவது வலிக்கும் நஷ்டம். 8 லிட்டர் கறக்கும் மாடு, 4 நாள் என்றால் 32 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் 1,120 ரூபாய். ஊசிச் செலவு தனி. அதனால் நோய் வராமல் பார்ப்பதுதான் இலாபம். பிட்டே மருத்துவமனையில் செய்ததை நாம் கறக்கும் இடத்தில் செய்ய வேண்டும்.

• கறப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு மாட்டிலிருந்து அடுத்த மாட்டுக்குப் போகும் முன்னும் கழுவுங்கள். மடியைக் கழுவி, சுத்தமான துணியால் ஈரம் போகத் துடையுங்கள். மாட்டுக்கு ஒரு துணி வேண்டும்.

• முதல் இரண்டு பீச்சுப் பாலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். திரி தெரிந்தால் நோய் தொடங்கிவிட்டது. அந்தப் பாலைத் தரையில் விடாதீர்கள்.

• கறந்து முடித்ததும் காம்புகளை 0.5 சதவீத அயோடின் கரைசலில் முக்கி எடுங்கள். உடனே தீவனம் போட்டு மாட்டை அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள். கறந்தவுடன் காம்புத் துளை திறந்திருக்கும். படுத்தால் சாணத்துக் கிருமி உள்ளே ஏறிவிடும்.

• நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும்.

• கோமாரிக்கும் தோல் கழலை நோய்க்கும் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள்.

மடிநோய் தொடங்கும் நிலையில் மூலிகை மருத்துவம் நல்ல பலன் தருகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி வகுத்துத் தந்த முறையைத் தேசிய பால்வள வாரியம் நாடெங்கும் பரப்பி வருகிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துக்கொள்ள வேண்டும். மடியில் உள்ள பாலை முழுவதும் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, அரைத்ததில் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். நாளுக்கு 8 முதல் 10 முறை, 5 நாட்கள். காய்ச்சல் அடித்தாலும், மாடு தீவனம் எடுக்காவிட்டாலும், பாலில் இரத்தம் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், அல்லது 1962-க்கு அழையுங்கள்.

ஆன்டிபயாடிக் தேவைப்படும் நோய்க்குக் கட்டாயம் அதைத்தான் போட வேண்டும். அப்போது டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன மருந்து? எத்தனை நாள் போட வேண்டும்? கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பால் ஊற்றக் கூடாது? மூன்றையும் வீட்டு நாட்காட்டியில் எழுதிவையுங்கள். மருந்துக்கு மருந்து நாள் மாறும். அந்த நாட்களின் பாலைக் கன்றுக்கும் கொடுக்கக் கூடாது.

கேள்வி கேட்ட வாசகிக்கு: பேரனுக்கு அந்த மாட்டுப் பாலை நிறுத்திவிட்டு, மற்ற மாட்டின் பாலைக் கொடுங்கள். வீக்கம் வடிந்தாலும் நோய் உள்ளே இருக்கலாம். கால்நடை மருத்துவரை வரவழைத்து, இரண்டு ஊசியோடு நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். போட்ட மருந்தின் காலி பாட்டில் இருந்தால் காட்டுங்கள். பால் உறைய ஆரம்பித்துவிட்டது என்பதை மட்டும் வைத்துப் பாலை ஊற்றாதீர்கள். உறைந்த பாலிலும் கொஞ்சம் மருந்து மிச்சம் இருக்கலாம். அவர் சொல்லும் நாள் முடிந்த பிறகு ஊற்றுங்கள்.